விளக்கம் சொன்னதும் பேய்க்கதை புஸ்ஸென்று போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

அரைத்தூக்கம்:
மூன்று மாதமாக ஒரு சிறுகதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நாயகி ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் வீடுகளுக்குப் போய் ஆராய்வார். பையில் வெப்பமானி, காந்தப்புல மீட்டர், ஒரு டப்பா பவுடர், கறுப்பு நூல்கண்டு. மாடிப்படியில் பவுடர் தூவி, கதவுக்குக் குறுக்கே நூல் கட்டிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

வீட்டில் கணவன், மனைவி, மகள். ராத்திரியில் படியேறும் சத்தம். கட்டிலருகே யாரோ நின்று பார்ப்பதாக மூவருமே சொல்கிறார்கள். இதுவரை நன்றாகவே வந்திருக்கிறது (தம்பிக்கு மட்டும் காட்டினேன், அன்று விளக்கை அணைக்காமல் படுத்தான்). சிக்கல் கடைசிப் பக்கம்தான். 'தண்ணீர்க் குழாய் அதிர்ந்த சத்தம் அது' என்று அவர் சொன்னதும் எல்லாம் வடிந்துவிடுகிறது. பேய் நிஜம் என்று முடித்தாலோ, அவர் அளந்ததெல்லாம் வீண்.

பழைய வாசகி:
அவர் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கவுரை ஆற்றுவதுதான் கோளாறு. விக் டாண்டி என்ற பொறியாளரின் அனுபவத்தைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ராத்திரி தனியாக இருக்கும்போது உடம்பு வியர்த்துச் சில்லிட்டது, கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது, திரும்பினால் காணோம். மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்காகத் தன் வாளைப் பட்டறைப் பிடியில் இறுக்கிவைத்தார். யாரும் தொடாமலே அலகு அதிர்ந்தது! மனிதர் ஓடவில்லை. பிடியை அறை முழுக்க நகர்த்திப் பார்த்தார். நடுவில் அதிர்வு அதிகம், சுவரோரம் இல்லை. புதிதாக மாட்டிய காற்றுப்போக்கி விசிறிதான் காரணம். காதுக்குக் கேட்காத, 19 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி. 1998-இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்த ஒலிதான் உருவத்தைக் காட்டியது என்பது அவர் ஊகம், அதை விடுங்கள். பிடியை நகர்த்தும் அந்த இடம் போதும், அதுவே கதை.

குழாய்க்காரர்:
கதையெல்லாம் எனக்குத் தெரியாது, கேஸில் எரியும் வெந்நீர் ஹீட்டர் பழுதுபார்ப்பவன். ஒன்று கேட்கிறேன்: அந்தக் குடும்பத்துக்குக் காலையில் தலைவலி உண்டா? வெளியே போனால் சரியாகிறதா? ஒரு வீட்டில் இதே மாதிரி 'யாரோ நடக்கிறார்கள்' என்றார்கள். நான் போனது வேறு வேலைக்கு. பார்த்தால் ஹீட்டரின் புகைக்குழாயைப் பறவைக்கூடு அடைத்திருந்தது. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது; ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய வாசகி:
அட, ஆமாம். 1921-இல் வில்மர் என்ற கண் மருத்துவர் இப்படியொரு 'பேய் வீட்டை'ப் பதிவு செய்திருக்கிறார். காலடிச் சத்தம், உருவங்கள், தலைவலி எல்லாம் உண்டு. வீட்டைச் சூடாக்கும் உலை பழுதானதுதான் காரணம். அங்கே தொட்டிச் செடிகளும் வாடினவாம். முதல் பக்கத்திலேயே ஜன்னலோரம் ஒரு செடியை வாடவிடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். காந்தப்புல மீட்டரைத் தூக்கிப் போடுங்கள், அது சுவருக்குள் ஓடும் மின்கம்பியைத்தான் பிடிக்கும்.

அரைத்தூக்கம்:
இரண்டு பேருக்கும் நன்றி. ஐயோ, ஒன்று உறைக்கிறது. ஆசிரியையும் அந்தக் காற்றைத்தானே ராத்திரி முழுக்கச் சுவாசிக்கிறார்? அப்படியானால் அவருக்கும் காலடிச் சத்தம் கேட்கும். '2.40, படியில் யாரோ' என்று நோட்டில் எழுதுவார். காலையில் பார்த்தால் பவுடர் கலையவில்லை, நூல் அறவில்லை. 2 மணிக்குப் பிறகு அவருடைய கையெழுத்து மட்டும் நோட்டின் கோட்டிலிருந்து கீழே சரிந்திருக்கும். ஹீட்டரைத் தேட வைப்பது அந்தக் கையெழுத்துதான்! குழாய்க்காரர் ஐயா, தலைவலி வர எவ்வளவு நேரம் ஆகும்?

குழாய்க்காரர்:
காற்றில் பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் லேசாக ஆரம்பிக்கும். 400 என்றால் மூன்று மணி நேரத்துக்குமேல் உயிருக்கே ஆபத்து. 200-ஐத் தாண்டாதீர்கள் தம்பி, இல்லையென்றால் விடிவதற்குள் உங்கள் ஆசிரியையே பேயாகிவிடுவார்.