பாதை வரைபடத்தில் பெற்றோல் பம்ப் அடையாளத்துக்கும் காசா?

வடதிசை

வடக்கு ஒன்ராறியோவில் ஒரு சிறிய ஊரில் பதினொரு வருடமாக மோட்டல் நடத்துகிறேன். பன்னிரண்டு அறை, இரண்டு பெற்றோல் பம்ப், பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. கோடையில் மீன்பிடிக்க வருகிறவர்கள், தை, மாசியில் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிக்காரர். இந்த இரண்டு கூட்டத்தை வைத்துத்தான் வருடம் ஓடுகிறது.

எங்கள் ஊர் ஸ்னோமொபைல் கிளப் ஒவ்வொரு வருடமும் பாதை வரைபடம் ஒன்று அச்சடிக்கும். முன்பக்கம் பாதைகள், பின்பக்கமும் ஓரங்களும் ஊர்க் கடைகளின் விளம்பரம். சின்னக் கட்டம் 275 டாலர். பத்து வருடமாகக் கொடுத்து வருகிறேன், ஒருநாளும் குறை சொன்னதில்லை. இந்த முறை வந்த கடிதத்தில் ஒரு வரி புதிது. விளம்பரம் தருகிற கடைகளுக்கு மட்டுமே இனி வரைபடத்தில் பெற்றோல், சாப்பாடு, தங்குமிட அடையாளம் போடுவார்களாம்.

எனக்கு இதனால் நட்டமில்லை, இலாபம்தான். எங்களிடமிருந்து மேற்கே அடுத்த பெரிய பம்ப் 140 கிலோமீட்டரில். நடுவில் ஒரு வயதான தம்பதி ஒற்றைப் பம்ப் வைத்திருக்கிறார்கள். அவர்கள் விளம்பரம் தருவதில்லை, தரக்கூடிய வியாபாரமும் அங்கே இல்லை. அவர்களுடைய அடையாளம் போய்விட்டால் எல்லோரும் என்னிடமே தாங்கியை நிரப்புவார்கள். அப்படி வருகிற காசு எனக்கு வேண்டாம்.

ஒரு தாங்கிக்கு ஸ்னோமொபைல் சாதாரணமாக 150இலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும். புதுப்பனி ஆழமாக இருந்தால், வேகமாக ஓட்டினால், அதுவும் குறையும். எண்ணெய் முடிந்து நிற்கிறவனுக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பம்ப் இருக்கிறது என்று தெரியாமலே போகும். வெளியில் மைனஸ் 28. விளம்பரத்துக்கு எவ்வளவும் வாங்குங்கள், பம்ப் எங்கே இருக்கிறது என்ற தகவலை விற்காதீர்கள் என்று கிளப்புக்கு எழுத நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஏரிக்கரை

அண்ணை, உங்கள் மனசு விளங்குகிறது. ஆனால் கிளப் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேசவேண்டும். நான் வேறோர் ஊரில் ஆறு குளிர்காலமாகக் குரூமர் ஓட்டுகிறேன். தெரியாதவர்களுக்கு: பாதையில் மேடும் பள்ளமுமாகிப்போன பனியைச் சீவி, பின்னால் இழுக்கும் சட்டத்தால் அழுத்திச் சமன்செய்கிற வண்டி அது. இரவில்தான் ஓட்டுவோம். குளிர் இறங்கினால்தான் சமன்செய்த பனி இறுகும், வண்டிகளும் குறைவாக இருக்கும். மாலை ஏழுக்கு ஏறினால் விடியற்காலை மூன்று மணிக்கு இறங்குவேன். சம்பளம் கிடையாது, கிளப்பில் எங்கள் யாருக்குமே கிடையாது.

அந்த வண்டி புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கான டாலர். டீசல், உதிரிப்பாகம், அப்புறம் இலையுதிர் காலத்தில் மரம் வெட்டுவது, மதகு போடுவது, பாலப் பலகை மாற்றுவது. ஓட்டுநர்கள் பாதையில் ஓட்டுவதற்குப் பெர்மிட் வாங்குகிறார்கள், அது சட்டம். ஒன்ராறியோவில் கிளப்புகள் பராமரிக்கும் பாதை எல்லாம் சேர்த்தால் சுமார் 30,000 கிலோமீட்டர். பெர்மிட் காசு அத்தனைக்கும் பிரிகிறது, எங்கள் பங்குக்கு வருவது போதாது.

எங்கள் வரைபடத்தில் ஒரு காலத்தில் 31 கடைகளின் விளம்பரம் இருந்தது. போன வருடம் 14. ஏன் குறைந்தது என்று கடை கடையாகப் போய்க் கேட்டேன். “எங்கள் பெயர் எப்படியும் வரைபடத்தில் இருக்கிறதே, பிறகு எதற்குக் காசு?” இதுதான் பதில். மாசி மாதம் முழுக்கப் பாதையால் பிழைக்கிற கடைகள் இவை. அடையாளம் இலவசம் என்றால் காசு கொடுக்கிற நீங்கள் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள், கொடுக்காதவர்கள் உங்கள் செலவில் வாழ்வார்கள். அது நியாயமா?

நெடுவழி

நான் வாட்டர்லூவிலிருந்து வாரக் கடைசியில் வடக்கே வந்து ஓட்டுகிறவன். காகித வரைபடம் இன்னும் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கிளப்புகளின் மாகாணக் கூட்டமைப்பே இணையத்தில் வரைபடம் வைத்திருக்கிறது. திறந்த பாதை பச்சை, எச்சரிக்கையோடு போகவேண்டியது மஞ்சள், மூடியது சிவப்பு. அக்டோபரில் அச்சடித்த காகிதத்துக்கு ஜனவரியில் ஏரி உறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? நில உரிமையாளர் ஒருவர் அனுமதியைத் திரும்பப் பெற்றால் பாதை மாறிவிடும். காகிதத்தில் பழைய கோடு அப்படியே இருக்கும்.

வியாபாரியாகப் பார்த்தாலும் 275 டாலருக்கு இணையத்தில் விளம்பரம் கொடுத்தால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று கணக்கு வரும். காகிதத்தில் என்ன கணக்கு வருகிறது? கிளப்பை ஆதரிக்க வேண்டுமென்றால் நன்கொடை என்று சொல்லிக் கொடுங்கள். அதை விளம்பரம் என்று சொல்வதால்தான் இந்தச் சிக்கல் எல்லாம்.

வடதிசை

தம்பி, இரண்டு விஷயம்.

எங்கள் ஊரைத் தாண்டி வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் கைபேசிக்குச் சமிக்ஞை கிடையாது. மைனஸ் 25இல் மேலங்கியின் வெளிப்பையில் வைத்த கைபேசி அரைமணி நேரத்தில் அணைந்துவிடும். அணைந்த கைபேசியோடு என் கடைக்குள் வந்து, கையுறையைக் கழற்றமுடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்பது கோப்பி, அடுத்தது வரைபடம். கோப்பிக் கடை மேசைகளில் அதை விரித்துவைத்து நான்கு பேர் விரலால் கோடு போட்டுப் பேசுகிறதை வந்து பாருங்கள். எங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண் உண்டு, அதே எண் பாதையோரக் கம்பத்திலும் இருக்கும். உதவிக்கு அழைக்கிறவர் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.

அடுத்தது கணக்கு. பதிவுப் புத்தகத்தில் ஒரு நிரல் வைத்திருக்கிறேன்: எங்களை எப்படி அறிந்தீர்கள்? போன குளிர்காலம் தங்கிய 58 குழுக்களில் 23 பேர் வரைபடம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு அறையில் ஓர் இரவுக்கு எல்லாச் செலவும் போக எனக்கு மிஞ்சுவது 70 டாலர் அளவில். நான்கு பேர் இரண்டு அறையில் இரண்டு இரவு தங்கினால் 280. விளம்பரக் காசு ஒரே குழுவில் வந்துவிடுகிறது. அதனால் எனக்கு இது தானம் இல்லை, விளம்பரமேதான்.

கணக்குப்பிள்ளை

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். வடதிசை, அந்த 23 குழுவும் உங்கள் கட்டத்தைப் பார்த்து வந்ததா, அடையாளத்தைப் பார்த்து வந்ததா? வரைபடம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். பாதையோரத்தில் அந்த ஊரில் இருக்கும் ஒரே மோட்டல் நீங்கள் என்றால் கட்டமே இல்லாமலும் பாதிப் பேர் வந்திருப்பார்கள். ஏரிக்கரை சொன்ன 17 கடைகள் விலகியது இதனால்தான். அவர்களைச் சுயநலக்காரர் என்று நான் சொல்லமாட்டேன், கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

நன்கொடை யோசனையிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளப் அறக்கொடை அமைப்பாகப் பதிவாகியிருக்காவிட்டால் வரி ரசீது தரமுடியாது. விளம்பரம் என்றால் வியாபாரச் செலவாகக் காட்டலாம். பெயர் மாறினால் கடைக்காரருக்குக் கை கடிக்கும்.

யாரும் தொடாத பெரிய விஷயம் பனி. 2023-24 கனடாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம். என்னிடம் கணக்கு எழுதும் ஓர் உணவகம் அந்த வருடம் மூன்று கிளப் வரைபடங்களில் விளம்பரம் கொடுத்தது. அவர்கள் வாசல் வழியாகப் போகும் பாதை திறந்திருந்தது ஒன்பது நாள். அதற்கு முந்தின குளிர்காலம் ஒட்டாவாவில் ரீடோ கால்வாய்ச் சறுக்குதளம் திறக்கப்படவே இல்லை, அதன் வரலாற்றில் முதல் முறை. ஜூலையில் முழுக்காசும் வாங்கிக்கொண்டு பனிக்குப் பொறுப்பில்லை என்றால் கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பாதி இப்போது, பாதி பாதை திறந்த பிறகு என்று வைக்கலாமே?

ஏரிக்கரை

அச்சகத்துக்காரர் பனி விழுந்த பிறகு காசு தாருங்கள் என்று சொல்லமாட்டாரே. பனி இல்லாத வருடத்திலும் மதகு போட்டோம், மரம் வெட்டினோம், குரூமரின் கடன் தவணை கட்டினோம். அந்த வருடம் எங்களுக்கும்தான் பெர்மிட் விற்கவில்லை. நட்டத்தைக் கடைகளும் கிளப்பும் சேர்ந்து தாங்கவேண்டும் என்றால் சரி. ஒரு பக்கம் மட்டும் தாங்கு என்றால் கிளப்தான் முதலில் மூடும்.

இரவுப்பணி

வடக்கே ஓர் ஊர் மருத்துவமனையில் அவசரப் பிரிவுத் தாதியாக இருக்கிறேன். வடதிசை அண்ணா சொல்வது முழுக்கச் சரி. இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். கியூபெக்கில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் 1934 குளிர்காலத்தில் இறந்தான். பனியில் வழி அடைபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. அதன் பிறகுதான் அவருடைய பனிவண்டி முயற்சிகள் தீவிரமாகின, 1937இல் காப்புரிமை கிடைத்தது. ஆளுக்கொன்றாக ஓட்டும் ஸ்கிடூ 1959இல்தான் வந்தது. பம்ப், சூடேற்றும் குடில், மருத்துவமனை, சாலை கடக்கும் இடம் ஆகியவற்றுக்கு யாரும் காசு கேட்கக்கூடாது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கோபம் வரைபடத்தில் வரும் மதுக்கடை விளம்பரத்தின் மேல்தான். எங்கள் வட்டார வரைபடத்தில் ஏரியைக் கடக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே “ஒரு வாளி பியர்” என்று விலை போட்டு ஒரு கட்டம். அங்கே நான்கு மணிக்குக் குடித்துவிட்டு இருட்டியபிறகு உறைந்த ஏரியில் ஏறுகிறார்கள். பனிக்கட்டியின் தடிப்பு ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது, ஆறு கலக்கும் இடத்தில் மெல்லியதாக இருக்கும். தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு ஓரத்தில் அந்தக் கட்டத்தை விற்கிற காசில் பாதை போடவேண்டாம்.

ஏரிக்கரை

அக்கா, அந்த வேலையைச் செய்கிறவர் சொல்லும்போது மறுத்துப் பேசக் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஞாயிறு மாலை சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கும் ஒரே இடம் அந்த மதுக்கடைதான். நனைந்த காலுறையைக் காயவைக்க அடுப்பு எரிவதும் அங்கேதான். விளம்பரத்தை நிறுத்தினால் குடிப்பது நிற்காது, அந்த இடத்தைத் தேடி அலைகிறவர் குளிரில் இன்னும் ஒரு மணிநேரம் சுற்றுவார்.

இரவுப்பணி

அந்த இடம் வரைபடத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டு அடையாளம் போடுங்கள், சூப் விலையை எழுதுங்கள், அறை இருந்தால் அதையும் எழுதுங்கள். பியர் விலை வேண்டாம். குடித்துவிட்டு ஸ்னோமொபைல் ஓட்டிப் பிடிபட்டால் கார் ஓட்டும் உரிமமும் போகும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அந்தக் கட்டத்தில் அந்த வரியை அச்சடித்தால் நானே அதற்குக் காசு தருகிறேன்.

நெடுவழி

காகிதத்தைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். சமிக்ஞை இல்லாத இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, தெற்கேதான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. வடதிசை, அந்தத் தம்பதிக்காக நீங்களே 275 டாலர் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? ஒரே குழுவில் திரும்ப வந்துவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

வடதிசை

அதையும் யோசித்தேன். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். இந்த வருடம் நான் கட்டலாம், நான் கடையை விற்றுப் போனபிறகு யார் கட்டுவது? காசு கட்டிவிட்டால் அந்த விதி சரி என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். நெடுஞ்சாலையில் மருத்துவமனைப் பலகைக்கு மருத்துவமனையிடம் யாரும் காசு கேட்பதில்லையே.

ஏரிக்கரையின் கவலைக்கு எனக்குத் தெரிந்த வழி இது. எல்லாப் பம்பும் ஒரே அளவு கறுப்புப் புள்ளியாக இலவசமாக இருக்கட்டும், பெயர் வேண்டாம். பெயர், தொலைபேசி எண், நிறம், கட்டம் வேண்டுமென்றால் காசு. உங்கள் பெயர் எப்படியும் இருக்கிறதே என்று அப்போது யாரும் சொல்லமுடியாது.

ஏரிக்கரை

பெயரில்லாத புள்ளி. அதை எங்கள் கூட்டத்தில் பேசிப்பார்க்கிறேன். அந்த 17 கடையில் குறைந்தது ஐந்து கடை திரும்பி வரும் என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு முன் எங்கள் போன வருட வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். காசு கட்டிய ஒரு பம்புக்குப் பெரிய சிவப்பு அடையாளம் போட்டிருக்கிறோம். அது மாலை ஆறு மணிக்குப் பூட்டும். அந்த நேரம் எங்கேயும் எழுதவில்லை. ஏழு மணிக்கு அதை நம்பி வந்த இரண்டு பேரை நானே குரூமரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். காசு வாங்கினோம், நேரம் கேட்க மறந்தோம். புள்ளியோ கட்டமோ, பக்கத்தில் திறக்கும் நேரம் கட்டாயம் என்று எழுதுங்கள் அண்ணை.

வடதிசை

எழுதுகிறேன். தம்பதியிடம் இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து, ஞாயிறு பூட்டு. பூட்டியிருந்தாலும் பின்கதவைத் தட்டினால் வந்து ஊற்றுவோம் என்றார் அந்த அம்மா. அதையும் அச்சடிக்கச் சொல்லவா என்று கேட்டேன், சொல் என்றார்.