தங்கைக்கு ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ் ஆராய்ச்சி சரிவருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஆம்பூர்_அண்ணன்

தங்கை எம்எஸ்சி மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர் படிக்கிறாள். ஒரு மருந்து கம்பெனியில் க்யூசி (தரம் சோதிக்கிற) வேலை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது, அவளோ ஆன்டிபயாடிக் எதிர்ப்பில்தான் பிஎச்டி செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "கிருமி மருந்துக்கு அடங்கலைன்னா டாக்டர் பார்த்துக்கப் போறார், இவ என்ன பண்ணுவா?" என்கிறார் அப்பா. எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. எம்பிபிஎஸ் இல்லாமல் இந்தத் துறையில் மேலே வர முடியுமா? தினமும் என்ன வேலை இருக்கும்? சாப்பாட்டுக்குத் தேறுமா?

அகார்_தட்டு

பிஎச்டி நாலாவது வருஷம், இதே துறைதான். காலையில் போனதும் முந்தின நாள் இன்குபேட்டரில் வைத்த தட்டுகளை எடுப்பேன். கிருமியைத் தடவிய அகார் (கிருமி வளர்க்கிற கூழ்) மேல் மருந்து ஏற்றிய சின்னச் சின்ன காகித வட்டுகள் இருக்கும், மருந்து கேட்டால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழும், அதை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் வட்டு வைத்தால் 23 மிமீ அல்லது அதற்கு மேல் இருந்தால் தப்பித்தோம், 19 அல்லது அதற்குக் கீழே என்றால் மருந்து கேட்காது. சில தட்டில் வளையமே இருக்காது, வட்டை ஒட்டி மொழுமொழுவென்று வளர்ந்து நிற்கும். கோலிஸ்டின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை இப்படிப் பார்க்கவும் முடியாது, மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. குழித் தட்டில் மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும், முதுகு உடைந்துவிடும்.

பணம்: நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. அது இல்லாமல் ப்ராஜெக்டில் சேர்ந்தால் கையைக் கடிக்கும். நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு சனி ஞாயிறு கரன்ட் போய் மைனஸ் 80 ஃப்ரீசர் நின்று, இரண்டு வருஷமாகச் சேர்த்த கிருமிகள் மொத்தமும் போயின. திங்கட்கிழமை திறந்தால் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ரிட்டயர்டு_ரெப்

தம்பி, க்யூசிக்கே அனுப்புங்க. பெரிய கம்பெனிகளே புது ஆன்டிபயாடிக்கிலிருந்து கையைக் கழுவிவிட்டன. அமெரிக்காவில் அக்கேயோஜென் என்ற கம்பெனியின் பிளாசோமைசினுக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது, அடுத்த வருஷம் ஏப்ரலில் கம்பெனி திவால். பிரஷர் மாத்திரை என்றால் ஆயுசுக்கும் விற்கும், இதுவோ சில நாள்தான், அதுவும் புதுசு வந்தால் கடைசி ஆயுதம் என்று டாக்டர்கள் பூட்டி வைத்துவிடுவார்கள்.

மைக்ரோ_எம்டி

ரெப் சார் சொல்வது நிஜம், ஆனால் அது மருந்து விற்கிற கதை. இந்தப் பெண் போகப்போவது கிருமியைத் துப்பறிகிற பக்கம்.

என்டிஎம்-1 தெரியும் இல்லையா, மெரோபெனம் மாதிரி மருந்துகளையே கேட்காமல் செய்துவிடுகிற ஜீன்? டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய ஒருவருடைய சிறுநீரில் 2008-இல் கிடைத்த கிளெப்சியெல்லாவில்தான் அந்த ஜீனை முதலில் கண்டார்கள். அவர் மலத்திலிருந்த ஈ.கோலை என்ற வேறு கிருமியிலும் அதே ஜீன். அதாவது ஒரு இனத்திலிருந்து இன்னொரு இனத்துக்கு பிளாஸ்மிட் (கிருமிக்குள் தனியாக இருக்கிற சின்ன டிஎன்ஏ வளையம்) வழியாகத் தாவுகிறது, எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குவது அதுதான். 2010-இல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் இந்த ஜீன் பற்றி வந்த கட்டுரையில் முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகம், மைக்ரோபயாலஜி துறை. சென்னையில் மட்டும் அந்த ஜீன் உள்ள 44 கிருமிகள் கிடைத்திருந்தன. பிரிட்டனின் கார்டிஃபிலிருந்து டிமோதி வால்ஷ் கூட்டு.

பெயரில் டெல்லி இருந்ததால் (என்டி என்றால் நியூ டெல்லி) எவ்வளவு ரகளை! மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிற சதி என்றார்கள். வால்ஷ் குழு விடவில்லை, 2011-இல் டெல்லித் தண்ணீர் பற்றி எழுதினார்கள்: 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2, தேங்கிய தண்ணீர் 171-இல் 51, அத்தனையிலும் அந்த ஜீன். 2013-இல் மருந்து எதிர்ப்பைக் கவனிக்க ஐசிஎம்ஆர் கண்காணிப்பு வலைப்பின்னல் தொடங்கியது, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாம் அதில் உண்டு. தங்கைக்கு வேலை இருக்கிற இடமும் அதுதான். எம்பிபிஎஸ் இல்லாவிட்டால் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது, அவ்வளவுதான். ஐசியூவில் நான் எந்த மருந்தைச் சொல்வது என்பதே லேபிலிருந்து வரும் தாளைப் பார்த்துத்தான், இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆம்பூர்_அண்ணன்

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, போன மாதம் சளிக்கு மெடிக்கலில் அவராகவே கேட்டு வாங்கிய அசித்ரோமைசினில் ஒன்று மிச்சம் இருக்கிறதாம், அடுத்த சளிக்கு வைத்துக்கொள்ளலாமா என்றார். தங்கை முறைத்த முறைப்பில் எழுந்து போய்விட்டார். க்யூசிக்காரர்களிடம் ஜூன் வரை அவகாசம் கேட்டிருக்கிறாள், நெட் எழுதிவிட்டு முடிவு. @அகார்_தட்டு, ஐசிஎம்ஆர் தேர்வுக்கு எதிலிருந்து படிக்கத் தொடங்கினீர்கள்?