பெக்கோ டிரெயில்: இறக்கத்தில் நகம் கறுத்துப்போகிறது, சப்பாத்து அளவில் உதவி தேவை

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் வழியாகப் போகும் நடைபாதை இது. ஹந்தானையிலிருந்து கலஹா வரை முதல் கட்டம் முடிந்தது. மொத்தம் 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல். லூல்கந்துர நோக்கிப் போகும் இரண்டாவதிலேயே கால் மறுத்துவிட்டது.

ஏற்றத்தில் ஒரு தொல்லையும் இல்லை. தோட்டத்துக் கல்படியில் இறங்கத் தொடங்கி அரை மணிக்குள் கட்டைவிரலும் அடுத்த விரலும் சப்பாத்து முனையில் இடிக்கின்றன. மாலையில் நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். இடது கால் மோசம்.

சப்பாத்து கணுக்கால் வரை வருவது, 9ஆம் அளவு, வாங்கி நான்கு மாதம். முதுகுச் சுமை 11 கிலோவாக இருந்தது, 8க்குக் குறைத்தாயிற்று. நகத்தை நேராக, ஒட்ட வெட்டியாயிற்று. மேல் துளைகளில் வளையம் போட்டுக் குதிகாலை இறுக்கும் கட்டு 2 கிலோமீட்டர் தாங்குகிறது. உருண்டை லேஸ் என்பதால் பிறகு வழுக்கித் தளர்கிறது.

அடுத்து 9.5 போட்டுப் பார்த்தாயிற்று. அதில் விரல் தப்பியது, குதிகால் எழும்பிக் கொப்புளம்.

சிக்கலே இரத்தம் உறிஞ்சும் அட்டைதான். அட்டைக்கான துணியுறையை சொக்ஸுக்கு மேல், சப்பாத்துக்குள் போட வேண்டும். அதைப் போட்டால் 9 இறுக்கிப் பிடிக்கிறது, கழற்றினால் 9.5 ஆடுகிறது. மழைக்காலத்தில் அதைக் கழற்றும் தைரியம் யாருக்கும் வராது!

அட்டையுறையோடு இறங்க எது சரி: 9.5க்குத் தட்டை லேஸ் மாற்றுவதா, இல்லை முன்பகுதி அகலமான 9 வாங்குவதா?