எடை குறைப்பு அறுவை: யாரிடம் சொன்னீர்கள், யாரிடம் மறைத்தீர்கள்?

பொருநைக்கரையாள், அம்பாசமுத்திரம் பக்கம்

எனக்கு ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை, செய்து ஓராண்டு தாண்டிவிட்டது. அதைப் பற்றியோ, அதற்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இருந்த பத்தியத்தைப் பற்றியோ, எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் கூடும் இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு நான் விரிவாக விளக்க வேண்டியதில்லை. என் கணவருக்கும் என் அம்மாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும். மாமியார் உட்பட மற்ற எல்லோரிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கணவரின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு மறுவீட்டு விருந்து நடந்த நாள் வரை அந்த ஏற்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மறுவீடு என்றால் சொதி என்பதும், சொதி என்றால் இலையில் சோறு அடங்காது என்பதும் நம் பக்கத்தாருக்குத் தெரிந்ததே. எனக்கு நான்கு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எதிர் இலையில் இருந்த பெரிய அத்தை, "பிள்ளை இப்படி உருகிட்டாளே, சீக்கு ஏதுமா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, "சீக்கெல்லாம் இல்ல, சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான், அவளுக்கு வைராக்கியம் ஜாஸ்தி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்கள்.

கை கழுவும் இடத்துக்கு மதினியின் மகள் பின்னாலேயே வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்த வயதில் நான் இருந்த அதே பருமன். மடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை விரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, "அத்தை, காலையில இருந்து என்னென்ன சாப்பிடுவீங்க, வரிசையாச் சொல்லுங்க" என்றாள். முளைகட்டிய பாசிப்பயறு, பதினொரு மணிக்கு மோர், மதியம் ஒரு கரண்டிச் சோறும் கூட்டும், இரவு கொஞ்சம் பன்னீர் என்று நானும் சொன்னேன். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வயிற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்ட, பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் அதோடு குறைந்துபோன ஒருத்திக்கு அது போதும். பள்ளிக்கூடம் முடித்து டியூஷனுக்கும் போய் வரும் பெண்ணுக்கு அது பட்டினி. 'மோர்' என்று எழுதி அதன் கீழே அவள் இரண்டு கோடு போட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் எனக்கு வாட்ஸ்அப்பில் தன் எடையை அனுப்புகிறாள். கடைசியாக, "அரைக் கிலோதான் அத்தை, உங்க வைராக்கியம் எனக்கு இல்லை" என்று அனுப்பியிருந்தாள். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

கொக்கிரகுளத்து எழுத்தர்

சகோதரி, ஊரறியச் சொல்லிவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். நான் சொல்லிப் பார்த்தவன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 44, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவி என்று எல்லாமே இருந்ததால், மறைக்க என்ன இருக்கிறது என்று அலுவலகத்திலும் உறவிலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனேன்.

அந்த ஆண்டு எங்கள் சுடலை கோயில் கொடையில், வில்லுப்பாட்டுக்கு நடுவே சற்று ஓய்வு விட்டிருந்தார்கள். சொந்தபந்தம் அத்தனையும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது என் சித்தப்பா, "சட்டையத் தூக்குடே, எங்கன வெட்டுனானுவன்னு பாப்போம்" என்றார். நான் சிரித்து மழுப்பினேன், அவரே தூக்கிவிட்டார். லேப்ராஸ்கோப்பியில் போட்ட துளைகள் எவ்வளவு சின்னத் தழும்புகளாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திருநீறு அப்பியிருந்த விரலை ஒவ்வொரு தழும்பின் மேலும் வைத்து, ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை சத்தமாக எண்ணிவிட்டு, "இம்புட்டுக்கா இத்தனை லட்சம்?" என்று பந்தலைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும், வயிற்றில் அந்தத் திருநீற்றுப் பொட்டுகளோடு நான் நின்ற நிலை இன்றுவரை மனத்தைவிட்டுப் போகவில்லை.

அதன் பிறகு ஊரே எனக்குக் கணக்குப்பிள்ளையாகிவிட்டது. தேநீர்க் கடை அண்ணாச்சி நான் கேட்காமலேயே வடைத் தட்டை நகர்த்தி வைத்து, "உமக்கு ஆகாதுல்லா" என்பார். மூன்றாவது ஆண்டில் கொஞ்சம் எடை திரும்பியபோது (பலருக்கும் ஓரளவு திரும்பும் என்பது இங்கே எல்லோரும் அறிந்ததே), "காசும் போச்சு, வயிறும் போச்சு" என்று என் காதுபடவே பேசினார்கள். மறைத்தவருக்கு எடை கூடினால் அது எடை கூடியது, அவ்வளவுதான். சொன்னவருக்குக் கூடினால் அது தோல்வி. நடந்தே எடையைக் குறைத்த ஒரு சக ஊழியர், நான் குறுக்கு வழியில் வந்தவன் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்; மாதக்கணக்கில் கஞ்சித் தண்ணீரும் புரதப் பொடியுமாகக் கிடந்தது எந்த வகைக் குறுக்கு வழி என்று எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் நீங்கள் எதையும் விற்கவில்லை. அவள் கேட்டாள், நீங்கள் சொன்னீர்கள். இதற்காக மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

வள்ளியூர் மருமகள்

எழுத்தர் அண்ணாச்சி கடைசியில் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. பந்தலில் சட்டையைத் தூக்கிய சித்தப்பாவும் பத்திரிகையின் பின்னால் எழுதிக்கொண்ட பிள்ளையும் ஒன்றல்ல. ஒருவர் வேடிக்கை பார்க்கக் கேட்டார். மற்றவள் தன் உடம்பில் செய்து பார்க்கக் கேட்டாள். முன்னவருக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்படவில்லை, பின்னவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கைக்குக் கல்யாணத்துக்கு முன்பே பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை, ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் மூச்சு விடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவளோ, நிச்சயத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன காரணம் நியாயமானது: ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மறைத்துவிட்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? அவரும் ஒப்புக்கொண்டு, "அம்மைக்கு மட்டும் இப்போ வேண்டாம்" என்றார்.

காலக்கெடு முடிந்து கர்ப்பமானாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள் அல்லவா, அதற்கு அவளைக் கூட்டிப்போனது மாமியார். பைபாஸ் செய்தவர்கள் அவ்வளவு இனிப்பை ஒரே மூச்சில் குடித்தால் அது நேராகச் சிறுகுடலில் இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று டம்பிங் வந்துவிடும். பிறகு சர்க்கரை திடீரென்று கீழே இறங்கவும் கூடும். தம்ளர் கையில் இருக்கிறது, "ஒரே மடக்காக் குடிம்மா" என்று செவிலியர் நிற்கிறார், பக்கத்தில் முந்தானையால் விசிறியபடி மாமியார். தங்கை தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "சிஸ்டர், எனக்கு இரைப்பையில பைபாஸ் ஆகியிருக்கு, இதைக் குடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் அந்தப் பரிசோதனையை விட்டுவிட்டு, வீட்டிலேயே சில நாள் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் வழியைச் சொல்லி அனுப்பினார்கள்.

பேருந்தில் நாங்குநேரி தாண்டும் வரை மாமியார் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி: "அதான் கல்யாணத்தன்னிக்கு அல்வா வேண்டாம்னியா?" ஆமாம் என்றாள். தங்கையிடம் அதற்குப் பிறகு ஒரு கடுஞ்சொல் இல்லை. மகனிடம்தான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளைக்குக் காது குத்தியாகிவிட்டது, இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

பேட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்

என்னுடையது சின்ன அனுபவம். இரவுப் பணியில் இருந்தபோது, வாரக்கணக்கில் வாந்தி என்று ஓர் இளம்பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற எழுதியிருந்தது. நான் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். துணைக்கு இருந்த நாத்தனார் காப்பி வாங்க வெளியே போன மறுகணம் அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, வெளியூரில் ஸ்லீவ் செய்துகொண்டதைக் காதோடு சொன்னாள். நான் பாட்டிலை இறக்கிவிட்டு மருத்துவரிடம் ஓடினேன். முதலில் தயமின் ஊசி, அதன் பிறகே குளுக்கோஸ் என்று மாற்றி எழுதினார். காப்பி வாங்கும் இடத்தில் கூட்டம் இல்லாமல் இருந்து நாத்தனார் உடனே திரும்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் தோன்றும்.

அதனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்குத் தயமின் என்ற பி1 சத்து வற்றிவிடும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உறவினர் யாரிடம் மறைத்தாலும் மறையுங்கள், வெள்ளை அங்கி போட்டவரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் மறைக்காதீர்கள். மூட்டுவலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வாங்கி விழுங்கினால், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இரைப்பையையும் குடலையும் இணைத்த இடத்தில் புண் வரலாம். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. பி12 குறைந்தால் கால் மரக்கலாம். வயதாகிவிட்டது என்று அதை விட்டுவிடுகிறார்கள். முடி கொட்டுவது சில மாதங்களில் நின்றுவிடும், அதற்காக எண்ணெய்க் கடைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகலாம். வலப்பக்க மேல்வயிற்று வலியை வாயு என்று ஒதுக்காதீர்கள். ஆபரேஷனின் பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு பணப்பையில் எப்போதும் இருக்கட்டும். மயங்கி விழுந்தால் நமக்காக அதுதான் பேசும்.

காப்பீட்டிலும் மறைப்பதற்கு வழி இல்லை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, பதினெட்டு வயது நிரம்பி, பிஎம்ஐ 40-க்குக் குறையாமலோ, கடும் துணைநோய்களோடு 35-க்குக் குறையாமலோ இருந்து, மருத்துவர் பரிந்துரையும் இருந்தால்தான் இந்த அறுவைக்கான செலவைக் கோர முடியும். பிறகு வேறு பாலிசி எடுக்கும்போதும், முன்பு நடந்த அறுவைகளைக் கேட்கும் கட்டத்தில் குடலிறக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.

பொருநைக்கரையாள், அம்பாசமுத்திரம் பக்கம்

சிஸ்டர் சொன்ன அனைத்தும் என் மருத்துவர் கொடுத்த தாளில் இருக்கிறது. அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்ட முடியாமல் பீரோவுக்குள் வைத்திருப்பதுதான் என் நிலைமை. நான் எழுதியது மாத்திரையைப் பற்றி அல்ல.

வள்ளியூர்க்காரர் சொல்வது நியாயம்தான். ஆனால் அவளிடம் மட்டும் சொல்லி, "உன் அம்மாவிடம் சொல்லாதே" என்றால், அந்தச் சின்னப் பெண் தலையில் என் ரகசியத்தையும் ஏற்றி வைத்தவளாவேன். மதினியிடமும் சேர்த்துச் சொன்னால் அன்று மாலையே மாமியாருக்குப் போய்விடும். பந்தியில் என் வைராக்கியத்தைப் பெருமையாகப் பேசியவர்கள் அவர்கள். அதனால் முதலில் மாமியாரிடம்தான் சொல்லியாக வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன். எந்த நாள் என்பதைக் கணவர் குறிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பெண்ணுக்கு இன்று பதில் போட்டுவிட்டேன்: அந்தப் பட்டியல் உனக்கானது அல்ல, மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடு, ஏன் என்று நேரில் வந்து சொல்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

மஸ்கட்வாசி, சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்

நான் இங்கேயே ஸ்லீவ் செய்துகொண்டேன். அம்மாவுக்குத் தெரியாது; தெரிந்தால் உண்ணாமல் கிடப்பாள் என்பதற்காகவே சொல்லவில்லை. போன விடுமுறையில் கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை ஒரு பொட்டலம் கட்டி என் பெட்டியில் வைத்து, தினமும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள், உடம்பு சரியாகும் என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த சில மாதங்களில் வீடியோவில் என் கன்னம் வற்றியதைப் பார்த்து, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அழைத்தபோது அடுத்த வீட்டு அக்காவும் கூட இருந்தார்கள். பாரமான உடம்பு, முழங்கால் வலி. அம்மா ஒரு தம்ளர் தண்ணீரில் மண்ணைக் கரைத்து அவர்கள் கையில் கொடுத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்து, உதட்டில் மண் ஒட்டியிருக்க, "தம்பி, நீங்க எத்தனை நாள் சாப்பிட்டிய?" என்று கேட்டார்கள். பின்னால் அம்மா சிரித்த முகமாக நிற்கிறாள். "ஒரு மண்டலம்க்கா" என்றேன்.

இங்கே படித்ததில் எழுத்தர் அண்ணாச்சி பக்கமே என் மனம் சாய்கிறது, ஆனால் அந்த அக்காவின் முழங்காலை நினைத்தால் வள்ளியூர்க்காரர் பக்கம் போகிறது. ஆடித்தபசுக்கு ஊருக்கு வருகிறேன். அம்மா மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள். எடுத்து முடித்ததும், பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யுமாக இருக்கும் அதை உடைத்து முதல் கவளத்தை என் வாயில்தான் ஊட்டுவாள், அவள் கவளம் சின்னதாக இருக்காது. ஸ்லீவ் செய்தவர்கள் யாராவது மாவிளக்கு சாப்பிட்டுப் பார்த்திருந்தால், எவ்வளவு வரை தாங்கும் என்று எழுதுங்கள்.