நூலக மாநாட்டில் ஸ்டால் போடுவது வீண்செலவா?

வாசல்மணி:
கல்லூரி நூலகங்களுக்கு ஆர்எஃப்ஐடி கருவிகள் (நூலில் ஒட்டும் 'டேக்' என்ற சில்லு, அதை ரேடியோ அலையால் படிக்கும் 'ரீடர்') விற்கிறேன், நூலகப் பணிகளைக் கணினியில் நடத்தும் கோஹா மென்பொருளை நிறுவியும் கொடுக்கிறேன். சின்ன நிறுவனம். சென்ற மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு நாள் நூலக மாநாட்டில் ஸ்டால் எடுத்தேன். வாடகை 40,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கிடைத்தது ஓர் இரும்பு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பிளக் பாயிண்ட். இடமோ அரங்கின் பின்புறம், கைகழுவும் குழாய்களை ஒட்டி.

இரும்பு மேசையில் வைத்ததும் ரீடர் ஊமையாகிவிட்டது. 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கருவிக்கும் உலோகத்துக்கும் ஆகாது. கடைசியில் மாநாட்டு மலரில் ஆறு பிரதிகளை அடுக்கி அதன்மேல் ரீடரை வைத்தேன். 'பீப்' என்றது. அந்த மலரால் பயன் அடைந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

15 நிமிடத் தேநீர் இடைவேளை 5 நிமிடமாகச் சுருங்கியது. வந்தவர்கள் பை கேட்டார்கள், பேனா கேட்டார்கள். ஒருவர் மூன்று பைகளை வாங்கிக்கொண்டு, "நீங்கள் என்ன விற்கிறீர்கள்?" என்றார். பதில் சொல்வதற்குள் அடுத்த ஸ்டாலில் இருந்தார். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

பட்டியல்:
மூன்று பை வாங்கியவர் நான் இல்லை. 22 ஆண்டுகளாகக் கல்லூரி நூலகர். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். போன மாநாட்டில் ஒரு ஸ்டாலில், "எங்களிடம் எக்செல் தாளில் 31,000 நூல்களின் விவரம் இருக்கிறது, நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 வடிவத்துக்கு மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டேன். நின்ற பையன் துண்டறிக்கையை நீட்டினான். "உங்கள் டேக், நூலகங்களுக்கான பொதுத் தரமான ஐஎஸ்ஓ 28560 முறைப்படி எழுதப்படுகிறதா? நாளைக்கு நீங்கள் கடையை மூடினால் வேறு நிறுவனத்தின் ரீடர் அதைப் படிக்க வேண்டுமே" என்றேன். போன் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. விஷயம் தெரியாத ஆளை அனுப்புகிறீர்கள், பிறகு பையைக் குறை சொல்கிறீர்கள்.

வாசல்மணி:
என் ஸ்டாலில் நானே நின்றேன் மேடம். 140 விசிட்டிங் கார்டுகள் சேர்ந்தன, அத்தனை பேருக்கும் போன் செய்தேன். "முதல்வரிடம் கேட்க வேண்டும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். முடிவெடுக்க முடியாதவர்களைச் சந்திக்கவா 40,000?

பட்டியல்:
காசோலையில் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை, சரி. கொள்முதல் குழு, மூன்று விலைப்புள்ளி, அதில் குறைந்த விலை, எல்லாம் உண்டு. ஆனால் எந்தக் கருவி, என்ன தரம் என்று அந்தக் கோப்பில் எழுதுவது யார்? அதை எழுதும்போது எங்கள் நினைவுக்கு வருபவர், கேள்விக்குப் பதில் சொன்னவர். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு வரும் ஆண்டில், நூலகம் தானியங்கு முறைக்கு மாறிவிட்டதா என்று கேட்டிருப்பதைப் பார்த்து நிர்வாகமே எங்களைத் தேடி ஓடிவரும். அதுவரை பொறுக்க வேண்டும்.

திறவுகோல்:
ஒரு சந்தேகம். கோஹா இலவச மென்பொருள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கே 'அன்பளிப்பு' என்றுதான் பொருள். அன்பளிப்பைக் கூசாமல் விற்கிறீர்களே?

வாசல்மணி:
பிரசாதம் இலவசம்தான். மடைப்பள்ளியில் வேகிறவனுக்குக் கூலி கிடையாதா? சர்வர், காப்புநகல், பழைய பதிவுகளை மாற்றுவது, பரீட்சை நேரத்தில் நூல் வழங்கும் கவுன்டர் நின்றுபோனால் ஓடிப்போவது, இதற்குத்தான் பணம். அதன் உரிமமும் இதைத் தடுக்கவில்லை.

வரவேற்புக்குழு:
நீங்கள் சொல்லும் மாநாடு எங்களுடையதா என்று தெரியாது, ஆனால் நானும் மாநாடு நடத்தியவன். 1,500 ரூபாய்ப் பதிவுக் கட்டணத்தில் இரண்டு நாள் சாப்பாடு, தங்குமிடம், பை. ஸ்டால் வருமானம் இல்லையென்றால் நூலகர்களிடம் இரட்டிப்பாக வாங்க வேண்டும், பாதிப் பேர் வர மாட்டார்கள். சிறப்பு விருந்தினர் 50 நிமிடம் தாமதமாக வந்தால் தேநீர் நேரம்தான் பலியாகும், அது எங்கள் தவறுதான். ஆனால் குழாய்ப் பக்கம் நல்ல இடம் ஐயா! எல்லோரும் அங்கே வந்தே தீர வேண்டும் என்றுதான் நாங்களும் ஸ்டால்களை அங்கே போட்டோம்.

வாசல்மணி:
வந்தார்கள். ஈரக்கையோடு வந்தார்கள். துண்டறிக்கையில் கை துடைத்தவர்களும் உண்டு.

பட்டியல்:
சிரித்துவிட்டேன். அது இருக்கட்டும், முதலில் சொன்னீர்களே, இரும்பு மேசை. எங்கள் கவுன்டரும் இரும்புதான். புத்தகத்தை மூன்று நான்கு முறை வைத்து எடுத்தால்தான் ரீடர் படிக்கிறது. பொருத்திவிட்டுப் போனவர்கள் டேக் பழுது என்றார்கள்.

வாசல்மணி:
டேக்கைக் கிழித்துவிடாதீர்கள். ரீடருக்கு அடியில் தடித்த ஒட்டுப்பலகை ஒன்றை வைத்துப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொன்று. கவுன்டரைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.

பட்டியல்:
திங்கட்கிழமை போடுகிறேன். பலகை இல்லை, மாநாட்டு மலர் நிறைய இருக்கிறது.