மறு: திருப்பண்டங்களின் ‘இடமாற்றம்’ – வேறு சொல் வேண்டாமா?

> நம் கலைச்சொல் பட்டியலில் டிரான்ஸ்லாத்தியோ (புனிதர்களின் எலும்பு முதலிய திருப்பண்டங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்) என்பதற்கு ‘இடமாற்றம்’ போதுமே. எதற்கு வீண் அலங்காரம்?

வணக்கம் ஐயா,

‘இடமாற்றம்’ என்றதும் எனக்கு வட்டாட்சியர் அலுவலக ஆணைதான் நினைவுக்கு வருகிறது. அது சிறு குறை, போகட்டும். மறைசாட்சிகளின், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின், எலும்புகளைச் சுமந்து போனவர்கள் பொருளைத் தூக்கிச் செல்வதாக நினைக்கவில்லை. ஆளையே அழைத்துச் செல்வதாக நினைத்தார்கள். அந்தச் சொல்லில் இது துளியும் இல்லை.

மிலான், 386. நபோர், பெலிக்ஸ் என்ற மறைசாட்சிகளின் கல்லறையின் கிராதிக்கு முன்னால் தோண்டச் சொன்னார் ஆயர் அம்புரோஸ். கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற வேறு இரு மறைசாட்சிகளின் எலும்புகள் கிடைத்தன. மாலையில் அவற்றைப் பவுஸ்தா ஆலயத்தில் வைத்து இரவு முழுக்க விழித்திருந்தார்கள். மறுநாள் அம்புரோஸ் கட்டிய புது ஆலயத்துக்கு ஊர்வலம். வழியில் செவெருஸ் என்ற பார்வையற்றவருக்குக் கண் தெரிந்ததாம். சகோதரி மார்செல்லினாவுக்கு எழுதிய மடலில் அம்புரோஸே இதைச் சொல்கிறார். தம்மைப் புதைக்க வேண்டும் என்று நினைத்திருந்த பீடத்தடியில் வலப்பக்கத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அறைக்குள் வந்த மூத்தவருக்கு இடம் விடுகிற மரியாதை அது.

பத்தாண்டு கழித்து, சுமார் 396இல், இத்தாலியிலிருந்து வந்த திருப்பண்டங்களை இன்றைய பிரான்சிலுள்ள ரூவான் நகரின் ஆயர் விக்திரிசியுஸ் வரவேற்றார். அன்றைய உரையில் அதைப் பேரரசர் நகருக்குள் நுழைவதோடு ஒப்பிடுகிறார். நம்மிடம் இதற்கென்றே ஒரு வினை இருக்கிறதே! ‘எழுந்தருளல்’ என்றால் அவர்களே புறப்பட்டு வந்ததாகிவிடும். இங்கே ஆயர் கொண்டுவருகிறார். ஆகவே பிறவினையாக ‘எழுந்தருள்விப்பு’ என்று முன்மொழிகிறேன்.

அன்புடன்

----

அம்மா, வணக்கம்.

சொல் அழகுதான். ஆனால் உற்சவமூர்த்தி நினைவு வராதா? இன்னொன்று: அதே 386இல் தேயொதோசியுஸ் பேரரசர் காலச் சட்டம், புதைத்த உடலை வேறிடத்துக்கு மாற்றக் கூடாது, மறைசாட்சியை விற்கவோ வாங்கவோ கூடாது என்கிறது. அங்கே ‘எழுந்தருள்விக்கக் கூடாது’ என்று போடுவீர்களா? வெனிஸ் வணிகர்கள் 828இல் அலெக்சாந்திரியாவிலிருந்து நற்செய்தியாளர் மாற்குவின் உடலைப் பன்றி இறைச்சிக்கடியில் ஒளித்துக் கொண்டுபோனதாக ஒரு மரபு உண்டு. அதையும் எழுந்தருள்விப்பு என்றால் சிரிப்பார்கள்.

----

ஐயா,

‘நற்கருணையில் எழுந்தருளியிருக்கும் ஆண்டவர்’ என்று கோவில்களில் நாள்தோறும் சொல்கிறார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு சமயத்துக்கு மட்டும் பட்டா போட்ட சொல்லல்ல அது.

சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. அங்கே பேச்சு பிணத்தையும் சந்தையையும் பற்றியது. ‘இடமாற்றம்’ என்றே இருக்கட்டும். வெனிஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொண்டுபோனவர்கள் அதைத் திருட்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை, டிரான்ஸ்லாத்தியோ என்றே விழா எடுத்தார்கள். வரலாற்றாசிரியர் ‘கடத்தல்’ என்று எழுதலாம். விழாவின் பெயர் அவர்கள் வைத்ததுதான்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா: இன்வென்தியோ – கண்டெடுப்பு, டிரான்ஸ்லாத்தியோ – எழுந்தருள்விப்பு, சட்ட வழக்கில் இடமாற்றம். தெபொசித்தியோவுக்கு ‘அடக்கம்’ போதும் என்பது என் எண்ணம். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.