ஹிரோஷிமா டாக்குமெண்டரியில வர்ற அந்த வீடு நொறுங்குற காட்சி நிஜமா?

மழைக்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நானும் என் பொண்ணும் (ஏழாவது படிக்கிறா) ஹிரோஷிமா பத்தி ஒரு டாக்குமெண்டரி பார்த்தோம். மொதல்ல விமானம் கிளம்புது, அப்புறம் குண்டு விழுது, அடுத்த செகண்டே ஒரு ரெண்டு மாடி வீட்டு மேல பளீர்னு வெளிச்சம் அடிச்சு சுவரெல்லாம் புகையுது, ஒரு காத்து வந்து வீட்டையே அப்படியே அள்ளிட்டுப் போகுது. பெரிய இடி மாதிரி சத்தம் வேற. கடைசியில, அணுகுண்டு செஞ்ச விஞ்ஞானிங்களுக்குத் தலைமை தாங்கின ஓப்பன்ஹைமர் கண்ணு கலங்கி கீதை வரி சொல்றாரு.

எல்லாம் முடிஞ்சதும் என் பொண்ணு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "அப்பா, அந்த வீட்டை வீடியோ எடுத்தவங்க எப்படி பொழைச்சாங்க?"

எனக்கு பதில் தெரியல, அன்னைக்கு ராத்திரி பூரா அதே யோசனை. அது நிஜமாவே அங்க எடுத்ததா? இல்லன்னா ஹிரோஷிமாவுல நிஜமா எடுத்த படம்னு என்னதான் இருக்கு, அவளுக்கு எதைக் காட்டலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையரீல்:
உங்க பொண்ணு கேட்டது ரொம்ப சரியான கேள்வி, அந்தப் படத்தை எடிட் பண்ணவங்க கேட்டிருக்க வேண்டியது.

நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா அந்த வீடு ஹிரோஷிமா இல்ல, ஜப்பானே இல்ல. 1953 மார்ச் 17, அமெரிக்காவுல நெவாடா பாலைவனம். குண்டு போட்டா வீடு என்ன ஆகும்னு பார்க்கறதுக்காகவே கட்டின மர வீடு அது, வெடிச்ச இடத்துல இருந்து சுமார் 3,500 அடி தூரம். முதல் ஃப்ரேம்ல இருந்து வீடு தரைமட்டமாகற வரைக்கும் ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். கேமராவை ஈயத் தகடு போட்ட பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க, பக்கத்துல ஆளே கிடையாது. அதனால பாப்பாகிட்ட சொல்லுங்க, எடுத்தவங்கன்னு யாரும் அங்க நிக்கல.

குண்டு வெடிக்கிற நொடியில தரையில இருந்து எடுத்த மூவி ஹிரோஷிமாவுல ஒரு அடி கூட கிடையாது. இருக்கறது ஆகாசத்துல இருந்து எடுத்தது மட்டும்தான், கூடப் போன இன்னொரு விமானத்துல இருந்த விஞ்ஞானி ஹரால்டு அக்னியூ சின்ன 16 எம்எம் கேமராவுல எடுத்தது. மேகம் மட்டும் தெரியும்.

இன்னொண்ணு. கடல் நடுவுல தண்ணி தூண் மாதிரி எழும்பி சுத்தி கப்பல் எல்லாம் நிக்கிற மாதிரி படம் வந்தா அதுவும் ஹிரோஷிமா இல்ல, 1946 ஜூலையில பிகினி தீவுல நடந்த சோதனை. இதை ஹிரோஷிமான்னு போட்டு எத்தனை பேர் ஷேர் பண்றாங்க தெரியுமா, பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

இரவுவாசகன்:
பழையரீல் சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கறேன்.

சத்தம்: அக்னியூ எடுத்த படத்துல சத்தமே இல்ல, இடி முழக்கம் எல்லாம் பின்னாடி ஸ்டுடியோவுல சேர்த்தது. அங்க இருந்து தப்பிச்சவங்க பேசினதுல எனக்கு மறக்கவே முடியாதது இதுதான். குண்டுக்கு ரொம்ப கிட்ட இருந்தவங்க நிறைய பேருக்கு சத்தம் கேட்ட ஞாபகமே இல்ல, வெளிச்சம் மட்டும்தான், அவங்க அதை "பிகா"ன்னு சொன்னாங்க, பளீர்னு மின்னறதுக்கு ஜப்பான்ல சொல்ற சொல்லு. தள்ளி இருந்தவங்களுக்கு வெளிச்சம் வந்து கொஞ்சம் கழிச்சு சத்தம், அவங்க "பிகாடோன்"னு சொன்னாங்க. நம்ம பளீர், டமார் மாதிரிதான். ஒருத்தர் எந்த சொல்லைச் சொல்றாருன்னு பார்த்தே அவர் எவ்ளோ தூரத்துல இருந்தாருன்னு ஓரளவு ஊகிக்கலாம்னு சொல்லுவாங்க. டாக்குமெண்டரி எடுக்கறவங்க அந்த எடத்துல சத்தத்தை நிறுத்திட்டு வெறும் வெள்ளையைக் காட்டினா போதும், அதுதான் நெருக்கமா இருந்தவங்களுக்கு நடந்தது.

ஓப்பன்ஹைமர் கிளிப்: அது 1965ல ஒரு அமெரிக்க டிவி டாக்குமெண்டரிக்காக எடுத்தது, குண்டு போட்டு 20 வருஷம் கழிச்சு. அதை முதல் அணுகுண்டு சோதனை நடந்த மறுநாள் பேட்டி மாதிரி வெட்டி ஒட்டும்போது, 20 வருஷம் மனசுல கெடந்து வந்த வார்த்தைங்கற விஷயமே காணாம போயிடுது. அந்த மனுஷனோட முகத்துல இருக்கற களைப்புக்கு அர்த்தமே அந்த 20 வருஷம்தான்.

வெயில்நேரம்:
ஒரு சந்தேகம் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காட்சி நெவாடாவா இருந்தா என்ன? ரெண்டு குண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சக்தி, வீடு இப்படித்தானே போயிருக்கும். பார்க்கறவங்களுக்கு பயங்கரம் புரிஞ்சா போதாதா?

பழையரீல்:
வெயில்நேரம், சக்தி கிட்டத்தட்ட அதேதான், ஹிரோஷிமா சுமார் 15 கிலோ டன், அந்த நெவாடா குண்டு 16. ஆனா நெவாடா வீட்டுல இருந்தது பொம்மைங்க. ஹிரோஷிமாவுல காலை 8:15, வீட்டுல ஆள், ரோட்டுல ஆள், ட்ராம்ல ஆள், தீ பரவாம இருக்க வீடுகளை இடிச்சு வழி விடுற வேலைக்குக் கூட்டிட்டு வந்த பள்ளிக்கூடப் பசங்க ஆயிரக்கணக்குல தெருவுல நின்னாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள செத்தவங்க சுமார் 1,40,000. வீடு பறக்கறதைக் காட்டினா கண்ணு வீட்டு மேலதான் போகுது, உள்ள யாருங்கற கேள்வியே வராது. உங்களைச் சொல்லல, நானே பல வருஷம் அப்படித்தான் பார்த்துட்டு இருந்தேன்.

இப்போ நிஜமா இருக்கற படம் பத்தி சொல்றேன், மழைக்காகம் கேட்டது அதுதானே. அன்னைக்கே அந்த ஊருக்குள்ள எடுத்த போட்டோன்னா முக்கியமானது அஞ்சுதான். எடுத்தவர் மாட்சுஷிகே யோஷிட்டோ, உள்ளூர் பத்திரிகை போட்டோகிராபர், 32 வயசு, அவர் வீடு மையத்துல இருந்து 2.7 கிலோமீட்டர், அதனால உயிரோட இருந்தாரு. பகல் 11 மணி வாக்குல மியூகி பாலத்துக்கிட்ட போறாரு. பாலத்து ஓரமா பசங்க கூட்டமா உக்காந்திருக்காங்க, தோல் உரிஞ்சு தொங்குது, காயத்துக்கு யாரோ சமையல் எண்ணெய் தடவுறாங்க. இவர் கேமராவைத் தூக்கறாரு, பட்டனை அழுத்த முடியல. இருபது நிமிஷத்துக்கு மேல அப்படியே நின்னேன்னு பின்னாடி சொன்னாரு. ஒண்ணு எடுத்துட்டு கிட்டப் போய் ரெண்டாவது எடுக்கும்போது வியூஃபைண்டர் கண்ணீர்ல மங்கிப் போச்சாம். அப்புறம் ஊருக்குள்ள நடந்தப்போ எரிஞ்சு போன ஒரு ட்ராமுக்குள்ள எட்டிப் பார்த்தாரு, உள்ள இருந்தவங்க நெலமையைப் பார்த்துட்டு அதை எடுக்கவே இல்ல.

மூவி எடுத்தது அதுக்கும் அப்புறம், செப்டம்பர்ல, நிப்பான் எய்காஷாங்கற ஜப்பான் நிறுவனத்தோட குழு. அமெரிக்க ராணுவம் நடுவுல நிறுத்தி, பிறகு முடிக்க விட்டு, 1946ல மொத்தத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தக் குழுவுல சிலர் உயிரைப் பணயம் வெச்சு ஒரு காப்பியை ஒளிச்சு வெச்சாங்க. அமெரிக்கா திருப்பிக் கொடுத்தது 1967ல. அமெரிக்க ராணுவமே 1946ல கலர்ல எடுத்ததும் ரொம்ப வருஷம் ரகசியம்னு பூட்டிக் கெடந்துச்சு. இடைப்பட்ட காலத்துல உலகம் பார்த்ததெல்லாம் அநேகமா மேலே இருந்து எடுத்த மேகம்தான். குண்டு போட்டவங்க நின்ன எடத்துல நின்னு பார்த்தே ரெண்டு தலைமுறை வளர்ந்துடுச்சு. இதைத்தான் நான் பார்க்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டே இருக்கேன்.

நிப்பான் எய்காஷா எடுத்த அந்த ஃபிலிம்ல இருந்து எரிக் பார்னோ 1970ல 16 நிமிஷத்துல ஒரு படம் பண்ணாரு, பேரு "ஹிரோஷிமா நாகசாகி, ஆகஸ்ட் 1945". கருப்பு வெள்ளை. இன்னைக்கு வரைக்கும் அதுதான் என் முதல் சிபாரிசு. ஆனா ஏழாவது படிக்கிற புள்ள, காயங்கள் நேரா காட்டுவாங்க, நீங்க மொதல்ல தனியா பாருங்க.

கரையோரம்:
எனக்கு ஒரு குறை இருக்கு. ஹிரோஷிமா பத்தி வர்ற படங்கள்ல பாதி மேகத்தோட முடிஞ்சிடுது, மீதி பாதி 8:15க்குத்தான் ஆரம்பிக்குது. அன்னைக்கு ஹிரோஷிமாவுல பல்லாயிரக்கணக்கான கொரியர்கள் இருந்தாங்க, நிறைய பேர் வேலைக்குன்னு கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தவங்க, அவங்களும் எரிஞ்சாங்க. போர்க்கைதியா இருந்த அமெரிக்க வீரர்கள் 12 பேரும் செத்தாங்க. ஜப்பான் ஆசியாவுல பண்ண போரும் படத்துல இருக்கணும், அதைச் சொன்னா குண்டை நியாயப்படுத்தறதா ஆகிடாது. நாகசாகியோ எப்பவும் கடைசி ரெண்டு நிமிஷம்தான். ஆகஸ்ட் 9 ரெண்டாவது குண்டைக் கொண்டு போன விமானம் மொதல்ல போனது கோகுரா ஊருக்கு, அங்க கீழ தெரியலன்னு திரும்பி நாகசாகிக்கு வந்தது. அதுக்கே தனியா ஒரு படம் எடுக்கலாம்.

ஸ்டீவன் ஒகசாகி 2007ல எடுத்தது பாருங்க. ஆரம்பத்துலயே டோக்கியோ தெருவுல இளவட்டப் பசங்ககிட்ட 1945 ஆகஸ்ட் 6 என்ன நாள்னு கேப்பாரு, அவங்களுக்குத் தெரியாது. அப்புறம் முழுக்க தப்பிச்சவங்களே பேசுவாங்க. பெரியவங்களுக்கு மட்டும்.

மழைக்காகம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்த 16 நிமிஷப் படத்தை நான் நேத்து தனியா பார்த்தேன். பொண்ணுக்கு இப்போதைக்கு வேணாம்னு தோணுச்சு. அந்தப் பாலத்து போட்டோவை மட்டும் காட்டி, எடுத்தவர் கதையை சொன்னேன். வீட்டை எடுத்தது ஆளில்லாத பெட்டிங்கறதையும் சொன்னேன்.

அவ போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தா. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி இருக்காங்களேப்பா, முதுகுதான் தெரியுது"ன்னா. அப்புறம் அந்த மாமா பேரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டா.